நூல்கோல், இறால், கணவாய்: காரம் தூக்கலான ஒரு லேசான சாலட்

கடலுணவு சாலட்டைப் பரிமாறும்போது கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், அதில் காரமும் எடுபடாது, புளிப்பும் எடுபடாது. ஊற்றிய டிரெஸ்ஸிங் எல்லாம் அடியில் இறங்கிக் கிடக்கும், மேலே இருக்கும் காயும் இறாலும் சப்பென்று இருக்கும். இந்தத் தண்ணீர் மூன்று வழிகளில் வருகிறது. காயிலிருந்து ஊறி வருவது ஒன்று, வேகவைத்த இறாலிலும் கணவாயிலும் ஒட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. மூன்றாவது, கலந்து வைத்துவிட்டுப் பரிமாறத் தாமதிப்பதால் வருவது. இந்த மூன்றையும் அடக்கிவிட்டால் சாலட் தானாக அமைந்துவிடும். கீழே உள்ள ஒவ்வொரு படிக்கும் பின்னால் இந்த ஒரே கணக்குதான் இருக்கிறது.

ஏன் நூல்கோல்?

நூல்கோலை, சிலர் நூக்கல் என்பார்கள், பெரும்பாலோர் வேகவைத்தே பார்த்திருப்பார்கள். வெந்த நூல்கோல் குழைந்து, முட்டைக்கோஸ் வாடையோடு, தனக்கென்று பெரிய குணம் இல்லாத காயாகிவிடும். பச்சையாகச் சாப்பிட்டால் அது வேறு காய். கடித்தால் நறுக்கென்று உடையும், ஆப்பிளைப் போல நீர் தெறிக்கும், லேசான இனிப்பும் அதன் பின்னால் கடுகின் சுருக்கும் வரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாம் எந்தச் செடியினமோ அதே இனம்தான் இதுவும். கிழங்கு போலத் தெரிந்தாலும் கிழங்கு அல்ல. மண்ணுக்கு மேலே உருண்டு பருத்த தண்டு. மேலே ஆங்காங்கே தெரியும் தழும்புகள் இலைக்காம்பு இருந்த இடங்கள்.

கடலுணவோடு இது சேர்வதற்குக் காரணம் அந்த நறுக்குத்தன்மை. இறாலும் கணவாயும் மென்மையானவை. பக்கத்தில் எதிர்ப்பாக ஒன்று வேண்டும். வெள்ளரிக்காய் சீக்கிரம் தளர்ந்துவிடும், கேரட்டின் இனிப்பு இறாலை அமுக்கிவிடும். நூல்கோல் உப்பில் ஊறினாலும் மொறுமொறுப்பை விடாது, கடல் வாசனையையும் மறைக்காது. 100 கிராமுக்குச் சுமார் 27 கலோரிதான், வைட்டமின் சி சுமார் 60 மில்லிகிராம். வேகவைத்தால் அதில் ஒரு பகுதி போய்விடும் என்பதால் பச்சையாகச் சாப்பிடுவதில் அந்த லாபமும் உண்டு.

என்னென்ன வேண்டும்

இரண்டு பேருக்கு முழுச் சாப்பாடாகவும், நான்கு பேருக்குத் தொட்டுக்கொள்ளவும் வரும் அளவு இது.

நூல்கோல்: டென்னிஸ் பந்து அளவில் 3 (இலை நீக்கி 550 முதல் 600 கிராம், தோல் சீவினால் சுமார் 400 கிராம் நிற்கும்)
இறால்: தலையோடும் ஓட்டோடும் 500 கிராம் (உரித்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும்)
ஊசிக்கணவாய்: சிறியதாக 300 கிராம்
சின்ன வெங்காயம்: 6
புதினா, கொத்தமல்லி: இலை மட்டும் தலா ஒரு கைப்பிடி
வறுத்த வேர்க்கடலை: 3 மேசைக்கரண்டி, ஒன்றிரண்டாக இடித்தது

டிரெஸ்ஸிங்குக்கு: எலுமிச்சைச் சாறு 4 மேசைக்கரண்டி, மீன் சாஸ் 1½ மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, பூண்டு 2 பெரிய பல், மிளகாய் 3, எண்ணெய் 2 தேக்கரண்டி. மீன் சாஸ் கிடைக்காவிட்டால் முக்கால் தேக்கரண்டி தூள் உப்பும் 1 மேசைக்கரண்டி தண்ணீரும் போதும். ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் சாலட் கெடாது.

காயை வாங்குவதும் சீவுவதும்

5 முதல் 7 சென்டிமீட்டர் அகலமுள்ளதாக எடுங்கள். அதைவிடப் பெரிதாக முற்றியது உள்ளே கட்டையாகி, மெல்ல மெல்லச் சக்கையாக வாயில் நிற்கும். அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் வேண்டாம். இலையோடு கிடைத்தால் இலையைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம்: இலை விறைப்பாகப் பச்சையாக இருந்தால் காய் புதிது. ஊதா நிறத் தோலுள்ளதும் நல்லதுதான், உள்ளே அதுவும் வெளிர்ப்பச்சையே.

வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டித் தனியாக வையுங்கள். விட்டுவைத்தால் இலை வழியே காயின் ஈரம் போய்ச் சுருங்கிவிடும். இளம் இலைகளைத் தூக்கிப் போட வேண்டாம். நடுநரம்பை எடுத்துவிட்டு நூல் போல நறுக்கினால் ஒரு கைப்பிடி இந்தச் சாலட்டிலேயே போகும்.

தோல் சீவுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். உருளைக்கிழங்குக்குச் சீவுவது போல மெல்லிசாகச் சீவினால் மேல்தோல் மட்டும் போகும். அதற்கடியில் நார் அடுக்கு ஒன்று இருக்கிறது, அது அப்படியே நிற்கும். வேகவைத்தால்கூட அந்த நார் மசியாது, பச்சையாக என்றால் கேட்கவே வேண்டாம். எனவே பீலரை வைத்துவிட்டுக் கத்தியை எடுங்கள். மேலும் கீழும் தட்டையாக வெட்டி, காயைப் பலகையில் நிமிர்த்தி வையுங்கள். மேலிருந்து கீழாக 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வளைவோடு சேர்த்துச் சீவி இறக்குங்கள். வேர்ப்பக்கம் நார் அதிகம் என்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் ஆழமாக எடுக்க வேண்டும். சீவிய இடம் மங்கலான வெள்ளையாக, கோடு கோடாகத் தெரிந்தால் நார் இன்னும் இருக்கிறது. கண்ணாடி போல ஈரப் பளபளப்போடு வெளிர்ப்பச்சையாகத் தெரிந்தால் சரி. சந்தேகம் இருந்தால் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். நகம் வழுக்கி இறங்க வேண்டும். எங்காவது இழை தட்டி நின்றால் அந்த இடத்தை மறுபடி சீவுங்கள்.

பிறகு 3 மில்லிமீட்டர் வட்டங்களாக வெட்டி, அடுக்கி, தீக்குச்சியைவிடச் சற்றுக் கனமான குச்சிகளாக நறுக்குங்கள். துருவ வேண்டாம். துருவினால் காயின் உயிரணுக்கள் எல்லாம் கிழிந்து நீர் விட்டுவிடும், கடுகு நெடியும் அளவுக்கு மீறி ஏறும். ஸ்லைசர் இருந்தால் வட்டங்களை அதில் சீவலாம், ஆனால் குச்சிகளைக் கத்தியால் வெட்டுவதே நேர்த்தியாக வரும்.

உப்பு போட்டுப் பிழிதல்

நறுக்கிய 400 கிராம் காய்க்கு 1 தேக்கரண்டி தூள் உப்பும் அரைத் தேக்கரண்டி சர்க்கரையும் தூவி, கையால் புரட்டி, வடிதட்டில் 20 நிமிடம் விடுங்கள். அடியில் ஒரு பாத்திரம் வையுங்கள், எவ்வளவு நீர் இறங்குகிறது என்று பார்த்தால் இந்தப் படியை இனி ஒருபோதும் விடமாட்டீர்கள். நூல்கோலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். இப்போது இறங்காத நீர் பிறகு டிரெஸ்ஸிங்கில்தான் இறங்கும்.

20 நிமிடம் ஆனதும் ஒரு குச்சியை எடுத்து வளையுங்கள். உடையாமல் அரைவட்டமாக வளைந்தால் போதும், வெளியே நெகிழ்ந்தாலும் கடித்தால் நறுக்கென்றே இருக்கும். ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசி, கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் பிழிந்து, சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் குச்சிகள் நசுங்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தினால் போதும். அலசுவதை விட்டுவிட்டால் சாலட் உப்புக் கரிக்கும், ஏனென்றால் மீன் சாஸிலும் நிறைய உப்பு வரப்போகிறது.

இறால்

நல்ல இறாலில் கடல் வாசனை மட்டுமே இருக்கும். அமோனியா நெடி அடித்தால் அதை வாங்கக் கூடாது, எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் அது போகாது. ஓட்டிலோ தலையிலோ கருமை படர்ந்திருப்பதும் கெட்டுப்போனதும் ஒன்றல்ல. இறாலின் சொந்த நொதியே காற்றுப் பட்டதும் அப்படிக் கறுக்கச் செய்கிறது. ஆனால் வைத்து நாளானதற்கு அது ஓர் அறிகுறி என்பதால் மோந்து பார்த்து முடிவு செய்யுங்கள். உறைந்த இறால் என்றால் முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். அதன்மேல் பனிப்பூச்சு இருக்கும், இளகிய பிறகு எடை போட்டால்தான் உண்மையான அளவு தெரியும்.

தலை, ஓடு நீக்கி, முதுகில் ஆழமில்லாமல் கீறிக் குடலை எடுங்கள். ஓடுகளைக் கழுவித் தனியே வையுங்கள், வேகவைக்கும் நீருக்கு அவைதான் சுவை தரப்போகின்றன. உரித்த இறாலில் கால் தேக்கரண்டி உப்பும் இரண்டு சிட்டிகை சமையல் சோடாவும் பிசறி, 15 நிமிடம் குளிரில் வையுங்கள். சோடா இறாலின் காரத்தன்மையை (pH அளவை, மிளகாய்க் காரத்தை அல்ல) கொஞ்சம் உயர்த்தும். அதனால் வேகும்போது தசை இறுகி நீரைப் பிழிந்து தள்ளுவது குறையும், இறால் பருமனாகவும் கடிக்க விண்ணென்றும் இருக்கும். அளவு கூடினால் சோப்புச் சுவை வந்துவிடும் என்பதால் கண்ணளவில் போடாதீர்கள்.

ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இறால் ஓடுகள், நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, பத்து மிளகு, 2 மேசைக்கரண்டி உப்பு போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அந்த நீரை மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். பக்கத்திலேயே ஐஸ் மிதக்கும் நீர் ஒரு பாத்திரத்தில் தயாராக இருக்கட்டும். அதில் 1 மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துவிடுங்கள். வெறும் ஐஸ் நீரில் போட்டால் இறாலின் மேற்பரப்பில் ஏறிய உப்பும் சுவையும் கரைந்து போய்விடும்.

நீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் இறாலைப் போட வேண்டும். நடுத்தர இறாலுக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். கொதிக்கும் நீரில் வேகவிட்டால் நடுப்பகுதி வேகுமுன் வெளிப்பகுதி ரப்பராகிவிடும். அணைத்த நீரில் சூடு மெதுவாக உள்ளே போகும். லேசாக வளைந்தால் வெந்துவிட்டது, சுருண்டு முழு வட்டமாகிவிட்டால் வேக்காடு மிஞ்சிவிட்டது. ஆனால் வளைவை மட்டும் நம்பாதீர்கள். முதுகில் கீறிய இடத்தை விரித்துப் பாருங்கள். நடுவில் கண்ணாடி போன்ற சாம்பல் நிறம் போய், முழுவதும் வெண்மையாக இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். ஐஸ் நீரில் 2 நிமிடம் மட்டும் போட்டு எடுத்து, துணியில் ஒற்றுங்கள்.

கணவாய்

சாலட்டுக்கு ஊசிக்கணவாய்தான் பொருத்தம். ஓட்டுக்கணவாயின் சதை தடிமனானது, குறுகிய வேக்காட்டில் சரியாக வராது. தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்தே வந்துவிடும். உடலுக்குள் கண்ணாடிச் சீவல் போல ஒரு தகடு இருக்கும், அதை உருவி எடுங்கள். கண்ணுக்குக் கீழே வெட்டிக் கைகளைத் தனியாக்கி, நடுவில் உள்ள கடினமான அலகைப் பிதுக்கித் தள்ளுங்கள். மேலே உள்ள புள்ளித்தோலைக் காய்ந்த துணியால் பிடித்து இழுத்தால் வழுக்காமல் உரியும்.

வளையமாக நறுக்குவதைவிட, குழாயைப் பிளந்து விரித்து, உட்பக்கத்தில் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடுவதே மேல். கீறல் பாதிக் கனத்தோடு நிற்க வேண்டும். 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால், வெந்ததும் கீறல் வெளியே தெரியும்படி சுருளும். அந்தக் கீறல்களில்தான் டிரெஸ்ஸிங் தங்கும். வழுவழுப்பான வளையத்தில் அது நிற்காது, வழிந்துவிடும்.

இறால் எடுத்த அதே நீரை மறுபடி நன்றாகக் கொதிக்கவிட்டு, கணவாயை இரண்டு பங்காகப் போடுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் 45 விநாடி, அதற்கு மேல் வேண்டாம். கணவாய்க்கு நடுவழி கிடையாது: ஒரு நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்த தீயில் வேகவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் இணைப்புத் திசு சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்துவிட்டு இறுகிப்போய் நிற்கும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் கொதி அடங்கி, 45 விநாடி என்பது இரண்டு நிமிடமாக இழுத்துக்கொள்ளும். இறாலுக்குப் பிறகே கணவாயைப் போடச் சொல்வதற்குக் காரணம், அது நீரைக் கலங்கலாக்கிவிடும். எடுத்ததும் ஐஸ் நீர், பிறகு துணி.

எலுமிச்சைச் சாற்றில் ஊறினால் வெந்ததற்குச் சமம் என்று பச்சையாகவே கலந்துவிடும் பழக்கம் பரவி வருகிறது. புளிப்பு பட்டால் சதை வெளுத்து இறுகும், உண்மைதான். ஆனால் கிருமிகளும் ஒட்டுண்ணிப் புழுக்களும் அதில் சாகும் என்று நம்பியிருக்க முடியாது. வேகவைத்தே சேருங்கள்.

காரமான டிரெஸ்ஸிங்

மிக்ஸியில் அடித்தால் மிளகாயின் கசப்பும் பூண்டின் பச்சை வாடையும் சேர்ந்து வரும், நுரையும் கட்டும். இடிகல்லே சரி. பூண்டு, மிளகாய், ஒரு சிட்டிகை உப்பு, சர்க்கரையில் பாதி இவற்றைச் சேர்த்து இடியுங்கள். சர்க்கரையின் மணிகள் மிளகாய்த் தோலைக் கிழித்துச் சாற்றை இழுக்கும். விழுதாக வேண்டாம். மிளகாய்த் தோல் அரிசி அளவுத் துண்டுகளாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மீதிச் சர்க்கரையையும் மீன் சாஸையும் ஊற்றி முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். அதன்பின் எலுமிச்சைச் சாறு, கடைசியில் எண்ணெய். எண்ணெயை முதலில் ஊற்றினால் சர்க்கரை கரையாமல் அடியில் தங்கிவிடும்.

காரம் மிளகாய்க்கு மிளகாய் மாறும் என்பதால், இடிக்குமுன் ஒவ்வொன்றிலும் துளி கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். காரத்தைக் குறைக்க விதையை மட்டும் தட்டிவிடுவது பலன் தராது. காரம் உற்பத்தியாவது விதையைத் தாங்கும் வெள்ளைத் தண்டில்தான். அதைச் சுரண்டி எடுத்தால் பாதிக்கு மேல் குறையும். காரப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அந்த 2 தேக்கரண்டி எண்ணெய் இருப்பதால்தான் ஒரு வாய் எரிந்து மறுவாய் சப்பென்று போகாமல் காரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவுகிறது.

ருசி பார்க்கும்போது கரண்டியில் எடுத்து நக்கிப் பார்க்காதீர்கள், பிழிந்து வைத்த நூல்கோல் குச்சி ஒன்றைத் தோய்த்துச் சாப்பிடுங்கள். தனியாகச் சுவைத்தால் சற்று மிகையாக, புளிப்பும் உப்பும் முன்னால் நிற்பதாக இருக்க வேண்டும். குச்சியோடு சாப்பிடும்போது அளவாக இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் இனிப்பு மங்கித் தெரியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலப்பது

அகலமான பாத்திரத்தில் நூல்கோலையும், மெல்லிய வளையங்களாக நறுக்கிய வெங்காயத்தையும் போட்டு, டிரெஸ்ஸிங்கில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றிப் புரட்டி 5 நிமிடம் விடுங்கள். மீதி ஒரு பங்கை இறாலிலும் கணவாயிலும் தனியாகப் பிசறுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஊற்றினால் காய் டிரெஸ்ஸிங்கை உறிஞ்சிக்கொள்ளும், இறால் வெறுமனே நிற்கும். 5 நிமிடம் கழித்து இரண்டையும் சேர்த்து, புதினா, கொத்தமல்லி, நறுக்கிய இளம் இலை தூவி, கையால் இரண்டு முறை கீழிருந்து மேலாக அள்ளிப் புரட்டுங்கள். தட்டில் வைக்கும்போது பாத்திரத்தைச் சாய்த்துக் கொட்டாமல் கையால் அள்ளி வையுங்கள். அடியில் நிற்கும் சாற்றில் ஒரு கரண்டி மட்டும் மேலே ஊற்றுங்கள். வேர்க்கடலை கடைசியில், தட்டில் வைத்த பிறகுதான். முன்னாலேயே போட்டால் நமத்துவிடும்.

20 நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டிய சாலட் இது. விருந்தாளிகள் வர நேரமாகும் என்றால் பாகங்களைத் தனித்தனியே தயார்செய்து வையுங்கள். பிழிந்த நூல்கோலும், வேகவைத்து ஒற்றிய இறாலும் கணவாயும் மூடிய டப்பாக்களில் 4 டிகிரியில் ஒரு நாள் தாங்கும். நறுக்கிய நூல்கோல் டப்பாவைத் திறந்ததும் ஒரு கந்தக வாடை வீசும், சில நிமிடம் திறந்து வைத்தால் போய்விடும். டிரெஸ்ஸிங்கில் எலுமிச்சையை மட்டும் கடைசியில் பிழிந்துகொள்ளுங்கள். கலந்த சாலட்டை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான்.

பிசகினால்

காரம் தாங்கவில்லை என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர்க்கடலையைக் கூட்டுங்கள், அதன் கொழுப்பு காரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு நூல்கோலை உப்பில்லாமல் நறுக்கிச் சேர்ப்பதும் நல்ல வழி, உப்பு மிஞ்சியதற்கும் இதே மருந்துதான். புளிப்பு மட்டும் தனித்துக் கடித்தால் அரைத் தேக்கரண்டி சர்க்கரையை ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள், நேரே தூவினால் பல்லில் நறநறக்கும். கணவாய் இறுகிவிட்டால் உடனே மீட்க வழியில்லை. சுருண்ட துண்டுகளை நீள்நாராக மெல்லிசாக நறுக்கிச் சேர்த்தால் மெல்லுவது எளிதாகும், அவ்வளவுதான். நூல்கோல் கடுகு நெடியாகச் சுள்ளென்று இருந்தால், பிழிந்த குச்சிகளை ஐஸ் நீரில் 5 நிமிடம் போட்டு மறுபடி ஒற்றி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இறால் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் வேகவைத்தாலும் அழியாது. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்குக் கணவாயும் ஒத்துக்கொள்ளாது, மீன் சாஸும் வேர்க்கடலையும் சிலருக்கு ஆகாது. புதிதாக ஒருவருக்குப் பரிமாறுமுன் நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஒவ்வாதவர் இருந்தால் எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று விடாமல், அவருக்கு ஆகாததை விட்டு நூல்கோலையும் டிரெஸ்ஸிங்கையும் வேறு பலகை, வேறு கத்தி, வேறு பாத்திரத்தில் தனியாகச் செய்யுங்கள்.